ஓடையும் வடிநிலமும்: திருவனந்தபுரத்தின் நீர்வழி மீட்பு முயற்சிகள் குறித்து ஓர் ஆய்வு

இந்திய நகரங்களில் ஓடைகளை மீட்கும் பணி பெரும்பாலும் மழைக்காலத்துக்கு முந்தைய சில வாரங்களில் நடைபெறும் தூர்வாரலாகச் சுருங்கிவிடுகிறது. இயந்திரங்கள் இறக்கப்பட்டு வண்டல் கரையேற்றப்படுகிறது, கரைச்சுவர் உயர்த்தப்படுகிறது. அடுத்த ஆண்டே அதே இடத்தில் வண்டலும் நெகிழிப் பைகளும் மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. இந்தச் சுழற்சி ஏன் முறியவில்லை என்பதையும், மக்கள் திரண்டு பங்கேற்ற இடங்களில் அது எந்த அளவுக்குத் தளர்ந்தது என்பதையும் ஆராய்வதற்குத் திருவனந்தபுரம் தகுந்த களமாகும். 2010-களிலிருந்து, அரசு ஆணையின் பேரில் நடந்த ஆக்கிரமிப்பு அகற்றம், உள்ளாட்சிகளும் பொதுமக்களும் கூடி நடத்திய ஆற்றுத் தூய்மைப் பணி, குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கும் ஏற்பாடு, உயர் நீதிமன்றத்தின் தலையீடு ஆகிய நான்கும் இந்த ஒரே நகரத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்துள்ளன. இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, ஓடையின் படுகையில் செலவிடப்பட்ட உழைப்பைவிட, அந்த ஓடைக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பில் செலவிடப்பட்ட உழைப்பே நிலைத்த பயன் தருகிறது என்பதும், பின்னதை மக்கள் பங்கேற்பு இல்லாமல் செய்ய இயலாது என்பதும் புலப்படும்.

நகரின் நீரமைப்பு

திருவனந்தபுரம் செம்புறைக்கல் குன்றுகளின் மீதும் அவற்றுக்கிடையிலான தாழ்வான பள்ளங்களின் மீதும் அமைந்த நகரம். குன்றுகளில் விழும் மழை குறுகிய தொலைவிலேயே பள்ளங்களை அடைந்து, மேற்கே கடலை ஒட்டிய காயல்களை நோக்கி ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் இந்நகரில் ஓடைகள் ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட காலம் மழைநீரைச் சுமக்க வேண்டியுள்ளது. ஒரு குறிப்பிட்ட ஓடைக்கோ ஆற்றுக்கோ நீர் வடிந்து சேரும் முழு நிலப்பரப்பும் அதன் வடிநிலம் எனப்படும். அவ்வகையில் நகரின் தென்பகுதி கரமனை ஆற்றின் வடிநிலத்திலும், நடுப்பகுதியும் வடபகுதியும் ஆக்குளம், வேளி காயல்களின் வடிநிலத்திலும் அமைகின்றன.

கரமனை ஆறு அகத்தியமலைத் தொடரில் தோன்றி, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து திருவல்லம் அருகே கடலை அடைகிறது. 1933-இல் அருவிக்கரையிலிருந்து குழாய்வழிக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது முதல் இன்றுவரை நகரின் குடிநீருக்கு இந்த ஆறே முதன்மையான ஆதாரமாக இருந்துவருகிறது. இதன் கிளையான கிள்ளியாறு நெடுமங்காட்டை அடுத்த பனவூர்ப் பகுதி மலைகளில் பிறந்து சுமார் 35 கி.மீ. ஓடி, வழயிலை, மருதங்குழி, ஜகதி, கிள்ளிப்பாலம், ஆற்றுகால் ஆகிய இடங்களைத் தொட்டுச் சென்று, பள்ளத்துக்கடவில் கரமனையாற்றோடு கலக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் பத்மதீர்த்தக் குளத்துக்கு ஒரு காலத்தில் கிள்ளியாற்றிலிருந்தே கொச்சாறு என்னும் வாய்க்கால் நீர் கொண்டுவந்தது. தமிழ் பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கரமனை அக்ரகாரமும் சாலைக் கடைத்தெருவும் இந்த நீர்வழிகளை ஒட்டியே வளர்ந்தவை.

நகரின் நடுவே ஓடும் ஆமயிழஞ்சான் தோடு ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள ஓடை. வானாய்வுக்கூடக் குன்றின் சரிவில் தொடங்கி, தம்பானூரில் ரயில் நிலையத் தண்டவாளங்களுக்கு அடியே சுமார் 117 மீட்டர் சுரங்கத்தின் வழியாக நுழைந்து, தகரப்பறம்பு, வஞ்சியூர், பாட்டூர், கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலை அது அடைகிறது. பட்டம் தோடு, உள்ளூர் தோடு ஆகியவையும் அதே காயலை நோக்கியே செல்கின்றன. ஆக்குளத்து நீர் வேளிக் காயல் வழியாகக் கடலுக்குச் செல்ல வேண்டும். அங்கோ அலைகள் குவிக்கும் மணல்திட்டு கோடைக்காலத்தில் பொழிமுகத்தை, அதாவது காயல் கடலில் கலக்கும் வாயை, மூடிவிடுகிறது. ஆகவே ஓடைகளில் சேரும் கழிவு எளிதில் கடலுக்குப் போவதில்லை, காயலின் அடியில் படிந்து ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில் (1815–1829) படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறும், தன் வணிகப் பயனை இழந்த பின் நகரின் மேற்கு விளிம்பில் கழிவைத் தாங்கும் கால்வாயாகத் தாழ்ந்தது.

மாசு வந்து சேரும் வழிகள்

ஓடைக்கு வரும் மாசை இரு வகையாகப் பிரிப்பது ஆய்வாளர்களின் வழக்கம். ஒரு குழாயின் வாயிலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ வெளிப்படுவதைச் சுட்டிக்காட்டலாம், அளக்கலாம், வழக்குத் தொடுத்து நிறுத்தலாம். மற்றொன்று, மழை பெய்யும்போது கூரைகள், சாலைகள், சந்தைகள், வாகன நிறுத்துமிடங்கள் ஆகியவற்றின் மீது படிந்துள்ள எண்ணெய், தூசி, இறைச்சிக் கழிவு, கால்நடைச் சாணம், நெகிழி முதலியவற்றை அடித்துக்கொண்டு ஓடிவரும் நீர். இது எந்த ஓரிடத்திலிருந்தும் வருவதில்லை, எல்லா இடங்களிலிருந்தும் வருகிறது; எனவே தனியொருவர் மீது பொறுப்பைச் சுமத்துவது கடினம். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையின் தொடக்க நீரில்தான் மாசு மிக அடர்த்தியாக இருக்கும். திருவனந்தபுரத்தில் கோடைமழையும் ஜூன் மாதத் தொடக்க மழையும் அவ்வாறு நகரைக் கழுவி ஓடைகளில் இறக்குகின்றன.

நீர் ஊடுருவ முடியாத பரப்பு பெருகும் அளவுக்கு இந்தச் சுமையும் பெருகுகிறது. வடிநிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கான்கிரீட்டாலும் தாராலும் கூரையாலும் மூடப்படும்போதே ஓடையின் உயிர்ச்சூழல் சிதையத் தொடங்குகிறது என்று அமெரிக்க ஓடைகளைப் பற்றிய ஆய்வுகள் 1990-களிலிருந்து சுட்டிவருகின்றன. செம்புறை மண் இயல்பாகவே மழையை உள்வாங்கக்கூடியது. ஆனால் முற்றங்களில் கல் பதிக்கப்பட்டு, வயல்களும் ஈரநிலங்களும் நிரப்பப்பட்டு, குன்றின் சரிவுகள் வெட்டித் தட்டையாக்கப்பட்ட நிலையில், முன்பு பல மணி நேரம் எடுத்து ஓடையை அடைந்த நீர் இன்று நிமிடங்களில் வந்து சேர்கிறது. 2023 அக்டோபரில் கண்ணம்மூலை, தேக்குமூடு, உள்ளூர் பகுதிகளின் வீடுகளுக்குள்ளும், தெற்றியாற்றின் கரையில் டெக்னோபார்க் தகவல் தொழில்நுட்ப வளாகத்தை ஒட்டியும் வெள்ளம் புகுந்தபோது, வெள்ளமும் மாசும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

நீரின் தரத்தை அளக்க இரண்டு அளவைகள் பெரிதும் பயன்படுகின்றன. நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டியுள்ளது என்பதைக் காட்டுவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. குளிக்கத்தக்க நீரில் இது ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மற்றொன்று, மனிதரும் விலங்குகளும் வெளியேற்றும் மலம் கலந்திருப்பதை உணர்த்தும் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியாவின் எண்ணிக்கை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாட்டின் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என அறிவித்தது. அவற்றுள் கேரளத்துக்குரியவை 21. ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டிய மிக மோசமான முதல் வகையில் கேரளத்திலிருந்து இடம்பெற்றது கரமனையாற்றின் கீழ்ப்பகுதி மட்டுமே. பெருந்தொழிற்சாலைகள் குறைந்த ஒரு நகரத்தின் ஆறு இந்த நிலையை எட்டியதற்கு வீடுகளும் கடைகளும் சந்தைகளுமே முதன்மையான காரணம் என்பது இதிலிருந்து பெறப்படும்.

குப்பையும் மலக்கசடும்

நகரின் ஓடைகள் இந்நிலையை அடைந்ததற்குப் பின்னால் இரண்டு நிர்வாக வரலாறுகள் உள்ளன. முதலாவது பாதாளச் சாக்கடையின் வரலாறு. கேரளத்தில் மிகப் பழமையான சாக்கடை அமைப்பு திருவனந்தபுரத்தினுடையதே. எனினும் நகரம் அதைவிட வேகமாக விரிந்தது. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2013-இல் செயல்படத் தொடங்கிய போதிலும், வீடுகளை அதனோடு இணைக்கும் குழாய்கள் நகரின் ஒரு பகுதிக்கே எட்டியுள்ளன. மற்ற வீடுகளின் கழிவு செப்டிக் டேங்குகளில் தேங்குகிறது. அவற்றில் பல, அடித்தளமும் உறிஞ்சுகுழியும் சரியாக இல்லாமல், நிறையும்போது தெருவோரக் கால்வாயில் வழிகின்றன. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள கேரளத்தில் இது குடிநீருக்கும் நேரடியான கேடாகிறது. அவ்வப்போது லாரிகள் உறிஞ்சியெடுக்கும் மலக்கசடு இரவோடு இரவாக ஓடைகளில் கொட்டப்படுவது நெடுங்காலமாக நகர மக்களின் புகாராக இருந்துவருகிறது.

இரண்டாவது, நகருக்கு வெளியே உள்ள விளப்பில்சாலை கிராமத்தின் வரலாறு. நகரக் குப்பை முழுவதையும் ஒரே இடத்தில் உரமாக்கும் நோக்கில் 2000-ஆம் ஆண்டில் அங்கு ஆலை தொடங்கப்பட்டது. சுற்றியிருந்த கிராமத்தின் நீரும் காற்றும் கெட்டதால் எழுந்த மக்கள் போராட்டத்தின் முடிவில், 2011 டிசம்பரில் விளப்பில் ஊராட்சி அதற்குப் பூட்டுப் போட்டது. குப்பையை ஏற்க வேறு எந்த ஊரும் முன்வராத நிலையில் நகரத்தின் குப்பை தெருவோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் குவிந்தது. தன் குப்பையை இன்னொரு ஊரின் மீது இறக்கிவைக்கும் வழி அடைபட்ட பின்னரே, மாநகராட்சி சமையலறைக் கழிவை வீட்டுக்குள்ளேயே மட்கச் செய்யும் தொட்டிகளையும், திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் உருவான, காற்றோட்டம் உள்ள பொதுத் தொட்டிகளில் உலர்ந்த இலைகளோடு கழிவை அடுக்கி உரமாக்கும் முறையையும் கைக்கொண்டது. மட்காத பொருள்களை வீடுவீடாகச் சென்று சேகரிக்கும் பணியைக் குடும்பஸ்ரீ இயக்கத்தோடு இணைந்த மகளிரின் ஹரித கர்ம சேனை ஏற்றது. ஓடை மீட்பு என்ற பெயர் இந்த ஏற்பாடுகளுக்கு ஒருபோதும் சூட்டப்படவில்லை எனினும், ஓடைக்குள் வரும் குப்பையைத் தொடங்கும் இடத்திலேயே தடுப்பவை இவையே.

ஆணை வழியே நடந்த முயற்சி

2015-இல் தம்பானூரும் கிழக்கேகோட்டையும் திரும்பத் திரும்ப வெள்ளத்தில் மூழ்கிய நிலையில், மாவட்ட நிர்வாகத்தின் முன்னெடுப்பில் ‘ஆபரேஷன் அனந்தா’ தொடங்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு, கட்டடங்களுக்கும் கடைகளுக்கும் அடியில் மறைந்துபோன வடிகால்கள் தோண்டி வெளிக்கொணரப்பட்டன, அவற்றை மறைத்த கட்டுமானங்கள் இடிக்கப்பட்டன. தெக்கனங்கரைக் கால்வாய் போன்ற பழைய நீர்வழிகள் எங்கே செல்கின்றன என்பதே பலருக்கும் அப்போதுதான் தெரியவந்தது. ஆக்கிரமிப்பை அகற்றும் துணிவு நிர்வாகத்துக்கு இருந்தால் குறுகிய காலத்தில் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அது சான்று.

ஆயினும் அம்முயற்சி நீரை வேகமாக வெளியேற்றுவதையே குறிக்கோளாகக் கொண்டது. நீரின் தூய்மை அதன் வரம்புக்குள் வரவில்லை. அடுத்த ஓராண்டுக்குள் வேகம் தணிந்தது, பின்வந்த மழைக்காலங்களில் தம்பானூரில் நீர் மீண்டும் தேங்கியது. சட்ட அதிகாரத்தால் திறக்கப்பட்ட வடிகாலைக் காத்துநிற்க எந்த வார்டிலும் பொறுப்பேற்ற மக்கள் குழு உருவாக்கப்படவில்லை என்பது அம்முயற்சியின் முதன்மையான குறை.

மக்கள் வழியே நடந்த முயற்சி

2016 டிசம்பர் 8 அன்று மாநில அரசு தொடங்கிய ஹரித கேரளம் மிஷன், நீர், தூய்மை, வேளாண்மை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கருதி, உள்ளாட்சிகளின் வழியாகப் பொதுமக்களை ஈடுபடுத்தும் திட்டமாக அமைந்தது. இதன் தூண்டுதலில் எழுந்த கிள்ளியாறு மிஷன் 2018 ஏப்ரலில் ஆற்றின் மேற்பகுதியில், கரிஞ்சாத்திமூலை முதல் வழயிலை வரையிலான 22 கி.மீ. தொலைவை மக்கள் திரளோடு தூய்மை செய்தது. நெடுமங்காடு நகராட்சியும் ஆற்றை ஒட்டிய ஊராட்சிகளும் தத்தம் எல்லைக்குட்பட்ட பகுதியைப் பிரித்து ஏற்றுக்கொண்டன. அடுத்த ஆண்டில் மாநகராட்சி, வழயிலைக்குக் கீழே நகருக்குள் ஓடும் எஞ்சிய 13 கி.மீ. பகுதிக்கு அதே முறையை விரித்தது. 2019 டிசம்பரில் ‘இனி ஞான் ஒழுகட்டே’ (இனி நான் ஓடட்டும்) என்ற பெயரில் மாநிலம் முழுவதும் சிற்றோடைகளை மீட்கும் இயக்கம் தொடங்கப்பட்டபோது, இத்தகைய பணிகளின் அனுபவம் அதற்கு அடித்தளமாகப் பயன்பட்டது.

கிள்ளியாற்று முயற்சியின் தனிச்சிறப்பு ஆற்றை அதன் பிறப்பிடத்திலிருந்து நோக்கியதாகும். நகர எல்லையில் தொடங்காமல் மேல்வடிநிலத்து ஊராட்சியில் தொடங்கியமையால், ஆற்றில் கலக்கும் சிற்றோடைகளும், கரையை ஒட்டிய வீடுகளின் கழிவுக் குழாய்களும், எல்லை அளக்கப்படாத புறம்போக்கு நிலமும் ஒருசேரக் கவனத்துக்கு வந்தன. ஆற்றங்கரையில் நடந்து சென்றவர்கள் தங்கள் ஊர்க் கழிவே கீழே உள்ள ஊருக்குப் போகிறது என்பதைக் கண்ணால் கண்டனர். அரசாணை எதுவும் உண்டாக்க முடியாத பொறுப்புணர்ச்சிக்கு இதுவே வித்து.

அதன் குறையும் வெளிப்படையானது. பல்லாயிரம் பேர் திரளும் ஒருநாள் தூய்மைப் பணி, குப்பையை அகற்றும். வீட்டின் கழிவுக் குழாயைத் திருப்பாது, செப்டிக் டேங்கைச் செப்பனிடாது. கரையோரத்துக் குடும்பம் குழாயை மூட வேண்டுமெனில் அதற்கு மாற்றாக உறிஞ்சுகுழியோ சாக்கடை இணைப்போ கிடைத்திருக்க வேண்டும். தொண்டர் படையின் வேலைக்குப் பின் பொறியியல் துறையின் வேலை தொடராத இடங்களில் ஆறு சில மாதங்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பியது. இதற்கு மாறாக, பல லட்சம் பெண்கள் கூடும் ஆற்றுகால் பொங்கலை விழாவில் நெகிழியையும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களையும் தவிர்க்கும் பசுமை நெறிமுறை ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்பட்டு வழக்கமாகிவிட்டது. ஒரு நடைமுறை விதியாகவும் விழாவின் ஒழுங்காகவும் மாறும்போது அது நிலைக்கிறது என்பதை இவ்விரண்டின் வேறுபாடு காட்டுகிறது.

2024 ஜூலையும் பொறுப்பின் சிக்கலும்

2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பையை அகற்ற இறங்கிய தூய்மைப் பணியாளர் ஒருவர், மழையால் திடீரெனப் பெருகிய நீரில் அடித்துச் செல்லப்பட்டார். சுரங்கத்தை அடைத்திருந்த குப்பைக்கு நடுவே தீயணைப்புப் படையின் முக்குளிப்போரும், திருவனந்தபுரத்திலேயே உருவான சாக்கடை தூய்மை ரோபோவும் தேடுதலில் ஈடுபட்டும், ஜூலை 15 அன்று தகரப்பறம்பில்தான் அவருடைய உடல் மிதக்கக் கண்டெடுக்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் இதைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

அந்தத் துயரம் வெளிக்கொணர்ந்த நிர்வாக உண்மை ஒன்று உண்டு. ஓடையின் ஒரு பகுதி ரயில்வேயின் நிலத்துக்கு அடியிலும், மற்றப் பகுதிகள் நீர்ப்பாசனத் துறை, மாநகராட்சி ஆகியவற்றின் பொறுப்பிலும் உள்ளன. சுரங்கத்துக்கு மேற்புறத்தில் நகரம் கொட்டிய குப்பையும் நிலையத்திலிருந்து வந்த குப்பையும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தபோது, யார் அகற்ற வேண்டும் என்பதில் ரயில்வேயும் மாநில அரசின் துறைகளும் ஒன்றையொன்று சுட்டின. ஓடை ஒன்றாகவும் அதன் உரிமையாளர்கள் பலராகவும் இருக்கும் வரை இத்தகைய தட்டிக்கழிப்பு தவிர்க்க இயலாதது. அந்த விபத்துக்குப் பின் வேலியமைப்பதும், கண்காணிப்புக் கேமராக்களை நிறுவுவதும், இரவுநேரச் சோதனைக் குழுக்களை அனுப்புவதும் முடுக்கிவிடப்பட்டன. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் ஏற்பட்ட தீயைத் தொடர்ந்து, நீர்நிலைகளில் கழிவு கொட்டுவோருக்கு 50,000 ரூபாய் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கும் வகையில் நகராட்சிச் சட்டம் ஏற்கெனவே கடுமையாக்கப்பட்டிருந்தது. தண்டனை அச்சம் சாலையோரத்தில் பை வீசுபவரைத் தடுக்கும். கண்ணுக்குத் தெரியாமல் கசியும் செப்டிக் டேங்கையும் மழையோடு வழிந்துவரும் மாசையும் தடுக்காது.

பிற ஊர்களின் பாடம்

கேரளத்துக்குள்ளேயே இரண்டு முன்மாதிரிகள் உள்ளன. ஆலப்புழை மாவட்டத்துப் புதனூர் ஊராட்சியில், பம்பையையும் அச்சன்கோயிலாற்றையும் இணைக்கும் 12 கி.மீ. நீளமுள்ள குட்டம்பேரூர் ஆறு மணல் கொள்ளையாலும் கழிவாலும் தூர்ந்து கிடந்தது. 2017-இல் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் சுமார் 700 தொழிலாளர்கள் அதை மீட்டெடுத்தனர். அதே ஆண்டில் மக்கள் முயற்சியால் வரட்டாறும் மீண்டும் ஓடத் தொடங்கியது. இவை ஊரக ஆறுகள். அங்கே அடைப்பை நீக்கினால் தூய நீர் மறுபடியும் வந்து சேரும், நகரத்து ஓடையிலோ அடைப்பை நீக்கினால் சாக்கடையே விரைந்து வரும். ஆகவே ஊரக வெற்றியை அப்படியே நகரத்துக்குப் பொருத்துவது தவறான எதிர்பார்ப்பைத் தரும்.

சென்னையில் அடையாற்றின் கழிமுகத்தில் தொல்காப்பியப் பூங்கா 2011-இல் திறக்கப்பட்டு, குப்பைமேடாகிக் கிடந்த உப்பங்கழி நிலம் பறவைகள் தங்கும் ஈரநிலமாக மீண்டது. எனினும் மேலிருந்து வரும் கழிவுநீரைத் தடுக்காமல் முகத்துவாரத்தை மட்டும் சீரமைப்பதன் எல்லையையும் அதுவே காட்டிற்று. தென்கொரியாவின் சியோல் நகரம் 2003 முதல் 2005 வரை மேம்பாலச் சாலை ஒன்றை இடித்துவிட்டுச் சொங்யேசொன் ஓடையை 5.8 கி.மீ. தொலைவுக்கு வெளிக்கொணர்ந்தது உலகெங்கும் பாராட்டப்படுகிறது. ஆயினும் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் இறைத்து விடப்படுவது; வடிநிலத்தின் இயல்பான ஊற்று மீளவில்லை. அழகான கரையையும் உயிருள்ள ஓடையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதற்கு இது சான்று.

செய்ய வேண்டியவை

இதுவரை கண்டவற்றிலிருந்து நான்கு தேவைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஒவ்வோர் ஓடைக்கும் அதன் வடிநிலம் முழுவதையும் உள்ளடக்கிய ஒரே பொறுப்பமைப்பு வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2018-ஆம் ஆண்டு ஆணைப்படி மாநிலங்கள் அமைத்த ஆற்று மீட்புக் குழுக்கள் உயர் அலுவலர்களின் குழுக்களாகவே உள்ளன. அவற்றின் கீழே வார்டு மன்றங்களும், குடியிருப்போர் சங்கங்களும், ஹரித கர்ம சேனையும், ரயில்வே போன்ற பெருநில உரிமையாளர்களும் ஓடைதோறும் ஒன்றாக அமரும் குழுக்கள் இருத்தல் இன்றியமையாதது. இரண்டாவதாக, மலக்கசடை உறிஞ்சும் லாரிகளை உரிமம் வழங்கிக் கண்காணிப்பதும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை செப்டிக் டேங்கைத் தூய்மைப்படுத்துவதைக் கட்டாயமாக்குவதும், கரையோர ஏழைக் குடும்பங்களுக்குச் சாக்கடை இணைப்பைக் கட்டணமின்றி அளிப்பதும் தூர்வாரலைவிட முந்தியாக வேண்டும்.

மூன்றாவதாக, மழைநீரை விழுந்த இடத்திலேயே தாமதப்படுத்தும் ஏற்பாடுகள் தேவை. கூரைநீரைக் கிணற்றுக்குத் திருப்புவது, முற்றத்தில் ஊடுருவும் கற்களைப் பதிப்பது, சந்தைகளிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் செடி வளர்க்கப்பட்ட தாழ்குழிகளை அமைத்து மழைநீரை அவற்றின் வழியே மெல்ல வடியவிடுவது ஆகியவை செலவு குறைந்தவை. இத்தகைய குழிகள் நீரை வடிகட்டி எண்ணெயையும் வண்டலையும் தம்மிடம் நிறுத்திக்கொள்கின்றன. கேரளத்தில் 2004 முதல் புதிய கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு விதியாக உள்ளது. அனுமதி பெறும் நாளில் மட்டும் காட்டப்படும் தொட்டியாக அது எஞ்சாமல், மழைக்காலத்தில் சரிபார்க்கப்பட வேண்டும். நான்காவதாக, ஓடைக்குள் மனிதரை இறக்கும் வழக்கம் முற்றாக நின்றாக வேண்டும். இதற்கு இயந்திரம் மட்டும் போதாது; இறங்க வேண்டிய தேவையே எழாதபடி குப்பையும் கழிவும் மேலேயே தடுக்கப்பட வேண்டும்.

அகற்றிய வண்டலின் டன் கணக்கும், திரண்ட தொண்டர்களின் எண்ணிக்கையும், எழுப்பிய வேலியின் நீளமும் இதுவரை ஓடை மீட்பின் அளவுகோல்களாக இருந்துவந்துள்ளன. இவை உழைப்பின் கணக்குகளே, பயனின் கணக்குகள் ஆகா. மழையில்லாத மார்ச் மாதத்தில் ஆமயிழஞ்சான் தோட்டிலும் கிள்ளியாற்றிலும் ஓடும் நீரின் ஆக்சிஜன் தேவையும் கோலிஃபார்ம் எண்ணிக்கையும் வார்டுதோறும் அளக்கப்பட்டு, அந்தந்த வார்டு மக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மக்களின் உழைப்புக்குத் திருவனந்தபுரத்தில் என்றும் குறை இருந்ததில்லை. அந்த உழைப்பை ஆண்டு முழுதும் தாங்கிப்பிடிக்கும் பொறுப்பும் பொறியியலும் அரசின் பங்கிலிருந்து வரவேண்டிய கடன்.